ஓட்ட சாஸ்திரம்

முதுகில் புண்படுவதைவிட உயிர் போவதே மேல் என்று எண்ணிய ஒரு சமூகத்தின் இலக்கியத்தைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டு, மகன் போர்க்களத்தில் புறமுதுகு காட்டினான் என்று கேள்விப்பட்டுக் கையில் வாளோடு புறப்பட்ட கிழவியின் கதையை மதிப்பெண்ணுக்காகப் பல பரீட்சைகளில் எழுதித் தேறிய ஒருவன், நடு வயதைக் கடந்தபின் இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்தில், ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, தன்னுடைய சேனை எந்தத் திசையில், எந்தக் கோணத்தில், எத்தனை அங்குலம் ஓடினால் நல்லது என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான் என்று ஜாதகத்தில் எழுதியிருந்தால், எழுதிய ஜோசியரிடம் அப்புறம் எங்கள் ஊரில் ஒருவரும் போயிருக்கமாட்டார்கள். அந்த ஜோசியர் எழுதவில்லை. ஆனால் அதுதான் நடந்தது.

விளையாட்டின் பெயர் வார்ஹாமர். ஈயப் பொம்மைகளை வார்த்து விற்றுக்கொண்டிருந்த சிட்டடெல் கம்பெனியார், வாங்கியவர்கள் அவற்றை அலமாரியில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தால் அடுத்த பெட்டி வாங்க அவசியம் நேராது என்பதை உணர்ந்து, பொம்மைகளுக்கென்று ஒரு யுத்தத்தையே ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். பிரையன் ஆன்ஸல், ரிச்சர்ட் ஹாலிவெல், ரிக் பிரீஸ்ட்லி என்ற மூவர் இயற்றிய முதல் விதிநூல் 1983-ல் வெளிவந்தது; 2010-க்குள் அது எட்டுப் பதிப்புகள் கண்டது. நாட்டிங்ஹாம் நகரம் இன்று இந்தச் சமயத்தாருக்குக் காசி க்ஷேத்திரம். ஏறத்தாழ ஓர் அங்குல உயரமுள்ள சிப்பாய்களைச் சதுரமான அடித்தட்டுகளில் ஒட்டி, வர்ணம் தீட்டி, வரிசை வரிசையாக நிறுத்தி, பகடை உருட்டிப் போரிட வேண்டும். எல்ஃப் என்ற கந்தர்வர்கள், ட்வார்ஃப் என்ற தாடிக் குள்ளர்கள், ஸ்கேவன் என்ற எலி மனிதர்கள், ஓர்க், கோப்ளின் என்ற பச்சை ராக்ஷசர்கள், மாண்டும் மாளாத பிரேத சேனைகள் என்று படைகள் பல. ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒன்பது குணங்கள் எண்ணால் வரையறுக்கப்பட்டிருக்கின்றன: நடை, வாள்திறம், வில்திறம், பலம், உரம், காயம் தாங்கும் சக்தி, சுறுசுறுப்பு, அடிகளின் எண்ணிக்கை, மனோதிடம். என் அபிப்பிராயத்தில் முதல் எட்டும் அலங்காரம், ஒன்பதாவதுதான் விளையாட்டு.

இதற்கு ஒரு பெரிய வம்சாவளி உண்டு. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையை அட்டபதத்தில் நிறுத்திய நம் நாட்டுச் சதுரங்கம் பாரசீகம் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு ஜெர்மானியர் பல திருத்தங்கள் செய்து பார்த்தனர். 1812-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் தம் அரசருக்காக மலையும் ஆறும் உள்ள ஒரு போர் மேஜையே செய்து கொடுத்தார். அவருடைய மகன் 1824-ல் அதை விதிகளோடு திருத்தி அச்சிட, ராணுவ அதிகாரிகளே அதில் பயிற்சி பெற்றார்கள். பிறகு நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ், வில்லுக்கம்பி வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சிகளைச் சுட்டுத் தகரச் சிப்பாய்களை வீழ்த்தும் கலையைப் பற்றி 1913-ல் ஒரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டு உண்மையான யுத்தமே வந்துவிட்டதால் அவருடைய விதிகளைப் பரிசீலிக்க உலகத்துக்கு அவகாசம் இல்லாமல் போயிற்று. இந்தப் பரம்பரையில் நான் கவனித்த முக்கியமான பரிணாமம் ஒன்றே. சதுரங்கத்தில் காலாளுக்குப் பின்வாங்க விதி கிடையாது. முன்னேற வேண்டும், அல்லது சாக வேண்டும். அந்த ஏழைக்கு ஓடுவதற்கு உரிமை வழங்கியதே பிற்காலத்தார் செய்த பெரிய உபகாரம்.

அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் ஒருவர்தாம் என்னை இந்த வழியில் இழுத்துவிட்டவர். எந்தச் சேனையை எடுத்துக்கொள்வது என்று கேட்டபோது, தயங்காமல் கோப்ளின்களைக் காட்டினேன். ஒரு படையின் அளவு பெரும்பாலும் 2000 புள்ளி. அதற்குள் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஓர் எல்ஃப் வாள்வீரனுக்குக் கொடுக்கும் புள்ளியில் நாலைந்து கோப்ளின் கிடைக்கும். மலிவு என்று நினைத்தேன். புள்ளியில் மலிவானது பவுன் ஷில்லிங்கில் மலிவாகாது என்பதும், நாலைந்து கோப்ளின்களையும் தனித்தனியே விலை கொடுத்து வாங்கி, தனித்தனியே மூக்குக்குப் பச்சை பூசவேண்டும் என்பதும் இந்தப் பொருளாதாரத்தின் அந்தரங்கம். ஒரு நவராத்திரிக்குக் கொலுப்படியின் கடைசி வரிசையில் இடம் காலியாக இருந்தபோது, வர்ணம் காய்வதற்காக ஒரு படைப்பிரிவை அங்கே நிறுத்தியிருந்தேன்; சுண்டலுக்கு வந்த மாமி ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "சூரபத்மன் சேனையா? எல்லாம் ரொம்ப ரௌத்திரமா இருக்கே, எங்கே வாங்கினேள்?" என்றார். அவற்றின் மனோதிடம் எட்டில்லை, ஏழில்லை, வெறும் ஆறு என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அந்த ஆறின் அர்த்தத்தைச் சற்று விளக்க வேண்டும். நான் பழகிய ஆறாம், ஏழாம் பதிப்புகளின்படி, இரண்டு படைப்பிரிவுகள் மோதினால், இரண்டு தரப்பும் ஏற்படுத்திய காயங்களை எண்ணி, அதோடு சில சில்லறை வரவுகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் முழு வரிசைகள் நின்றால் மூன்று புள்ளி வரை; கொடி பிடிப்பவன் இருந்தால் ஒன்று; எண்ணிக்கையில் மிகுந்தால் ஒன்று; எதிரியைப் பக்கவாட்டில் தாக்கினால் ஒன்று, முதுகில் தாக்கினால் இரண்டு. ஆகவே ஒரு பெரிய கோப்ளின் கும்பல், ஒருவனும் கத்தியை உறையிலிருந்து உருவாமல், கும்பலாக நிற்கிற ஒரே காரணத்தால் ஐந்து புள்ளி சம்பாதிக்கிறது. குறைந்த மொத்தம் பெற்றவன் தோற்றவன். தோற்றவன் உடனே இரண்டு பகடை உருட்ட வேண்டும், எத்தனை புள்ளியால் தோற்றானோ அத்தனையை மனோதிடத்திலிருந்து கழித்து, மிச்சத்துக்குள் பகடை விழுந்தால் நிற்கலாம், மீறினால் ஓடவேண்டும். மனோதிடம் ஆறு உள்ள சாதாரண கோப்ளின் மூன்று புள்ளியால் தோற்றால், அவன் நிற்பதற்குள்ள வாய்ப்புப் பன்னிரண்டில் ஒன்று. மனோதிடம் எட்டு உள்ள எல்ஃப் கந்தர்வனே நாலு புள்ளியால் தோற்றால் ஆறில் ஒன்றுதான். ஓடுகிறவனைத் துரத்துகிறவன் பகடையில் எட்டிப் பிடித்தால், ஓடிய பிரிவு எத்தனை பேராயிருந்தாலும் மொத்தமாக மேஜையை விட்டு எடுக்கப்படும். நாற்பது பேர் கொண்ட படையில் நாலு பேர் செத்து, மீதி முப்பத்தாறு பேரும் கூட்டல் கழித்தலில் மாண்டு போவது இங்கே அன்றாட நிகழ்ச்சி. இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் மட்டும், எவ்வளவு மோசமாகத் தோற்றிருந்தாலும் அசையாமல் நிற்கலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. தூய வீரத்துக்கு விதிநூல் ஒதுக்கிய பங்கு முப்பத்தாறில் ஒன்று.

இந்தக் கணக்கை முதலில் புரிந்துகொண்டவர்கள், வீரம் என்பது ஒரு குணமல்ல, ஒரு குறைபாடு என்ற முடிவுக்குத் தவறாமல் வந்துசேர்கிறார்கள். விதிநூலே அப்படித்தான் பாவிக்கிறது. வெறி என்று ஒரு விசேஷ குணம் சில படைகளுக்கு உண்டு. வெறி பிடித்தவன் கூடுதலாக ஓர் அடி அடிப்பான். கேட்பதற்குப் பயங்கரமாக இருக்கும். ஆனால் எட்டும் தூரத்தில் எதிரி தென்பட்டால் அவன் பாய்ந்தே ஆகவேண்டும், தோற்று ஓடுகிறவனைத் துரத்தியே ஆகவேண்டும், தான் ஓடுவது என்று விரும்பித் தேர்ந்துகொள்ளவும் கூடாது. அதாவது, அவனுடைய கடிவாளம் எதிராளி கையில் இருக்கிறது.

எங்கள் கூடத்தில் ஒரு பல் வைத்தியர் இருந்தார். அவர் இருள் எல்ஃப்களின் தலைவர். அவருடைய படையில் சூனியக்காரிகள் என்று வெறி பிடித்த பெண் சேனை ஒன்று. அதன் தலையலங்காரங்களை அவர் பற்களைச் செப்பனிடும் அதே பொறுமையோடு தீட்டியிருந்தார். ஒரு நாள் மாலை அவர்கள் என் மையப் படையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். வந்து சேர்ந்தால் என் கோப்ளின்கள் காய்கறிதான். நான் ஐந்தே ஐந்து ஓநாய்க் குதிரைவீரர்களை எடுத்து, அவர்களுக்கு நேர் முன்னால், எட்டு அங்குல தூரத்தில், சற்றே சாய்வாக நிறுத்தினேன். சாய்வுதான் சூட்சுமம். பாய்கிறவன் எந்தத் திசையிலிருந்து வருகிறானோ அதற்கு நேர் எதிர்த் திசையில் ஓடவேண்டும் என்பது விதி. ஆகையால் ஓடும் பாதையை நிர்ணயிப்பது ஓடுகிறவன் அல்ல, துரத்துகிறவன். துரத்துகிறவனின் பாதையை நிர்ணயிப்பது நான் நிறுத்தின இடம். வைத்தியர் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மேஜையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. பாய வேண்டாம் என்று அவர் விரும்பினார். அவருடைய சேனைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பாய்ந்தார்கள். "ஓடுகிறோம்" என்றேன் நான், மிகுந்த கௌரவத்தோடு. கோப்ளின்களுக்கு எல்ஃப்களைக் கண்டால் பயம் என்று தனியாக ஒரு விதி உண்டு. அந்தப் பயத்துக்காகப் பரீட்சை எழுதித் தேறாவிட்டால் ஓடவேண்டியது நேரும். நாங்கள் பயப்படுவதற்கு முன்பே ஓடத் தீர்மானித்துவிட்டதால் பரீட்சைக்கு அவசியம் ஏற்படவில்லை. ஓநாய்கள் மூன்று பகடை தூரம் ஓடின. சூனியக்காரிகள் எட்டிப் பிடிக்க முடியாமல் பாதி வழியில் நின்றார்கள். நின்ற இடத்தில் அவர்களுடைய விலாப்புறம், பன்றி பூட்டிய என் ரதத்துக்கு நேர் எதிராக, சமையலறைக் கதவைப்போலத் திறந்து கிடந்தது. அபிமன்யுவைச் சக்கர வியூகத்துக்குள் சிக்கவைத்த துரோணாசாரியார் எவ்வளவு சிரமப்பட்டிருப்பார்! எனக்கு ஐந்து ஓநாய்கள் போதுமாயிருந்தன. அந்த ஓநாய்களும் அடுத்த சுற்றில் மனம் தேறி, ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி வந்துவிட்டன.

போட்டிகளில் விளையாடுகிறவர்கள் இந்தக் கலையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். 50 புள்ளிக்கு ஒரு கழுகு. 30 புள்ளிக்கு ஐந்து வேட்டை நாய்கள். நாகத்தின் மேல் அமர்ந்து, மந்திர வாளும் வம்சக் கவசமும் தரித்து, 500 புள்ளிக்கு மேல் விலை பெறும் பிரபுவின் முன்னால் ஐந்து நாய்கள் வந்து உட்கார்ந்துகொண்டால், அவர் அவற்றின் மேல் பாய்ந்து தம் படையை விட்டு விலகிப் போக வேண்டும். அல்லது பாயாமல், ஐந்து நாய்களுக்கு முன் ஒரு சுற்று முழுவதும் கௌரவமாக நிற்க வேண்டும். எதிரி எட்டு அங்குலத்துக்குள் இருந்தால் துரித நடை கூடாது என்ற விதி வேறு இருந்ததால், ஒரு கழுகு சும்மா பறந்துபோய் ஒரு பெரிய சேனையின் பின்னால் உட்கார்ந்துவிட்டால் போதும். அந்தச் சேனை யுத்தம் முடிகிற வரையில் கல்யாண ஊர்வலம் வருகிற வேகத்தில் வந்துகொண்டிருக்கும். போட்டியில் ஜெயித்த படைப் பட்டியல்களைப் படித்தவர்கள், அதிலுள்ள மாவீரர்களைக் கண்டு வியப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் நாய்களைத்தான் எண்ணுவார்கள்.

என்னுடைய கோப்ளின்களிலேயே ஒரு வகையினர் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. காளான் தின்று மதி மயங்கி, தன் உடம்பைவிடப் பெரிய இரும்புக் குண்டைச் சங்கிலியில் கட்டிக்கொண்டு பம்பரமாய்ச் சுழல்கிறவர்கள். இராக் கோப்ளின் படைக்குள் இவர்களில் மூவர் வரை ஒளித்து வைக்கலாம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எதிரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிரி எட்டு அங்குலத்துக்குள் வந்தவுடன் அவர்கள் வெளியே தள்ளப்பட்டு, இரண்டு பகடை தூரம் சுழன்று போவார்கள். வழியில் அகப்பட்டவனுக்குக் கவசம் பயன்படாது. முதல் தடவை மட்டும் நான் காட்டுகிற திசையில் போவார்கள். அப்புறம் அவர்களுக்கு நண்பன் பகைவன் என்ற துவைதம் கிடையாது. இந்த அஸ்திரத்தை நம்பி நான் இருந்தபோது வைத்தியர் என்ன செய்தார்? தமது உயர்குலக் குதிரைப்படையைப் பதினைந்து அங்குலத்தில் நிறுத்திவிட்டு, தனி ஒருத்தியாய்ப் பறக்கும் ராக்ஷசி ஒருத்தியை ஏழு அங்குலத்தில் கொண்டுவந்து வைத்தார். விதி விதிதான்; மூவரும் வெளியே வந்தே ஆகவேண்டும். வந்தார்கள், அந்த ஒருத்தியைத் துவம்சம் செய்தார்கள், மறு சுற்றில் ஒருவன் சங்கிலியில் சிக்கிச் செத்தான், ஒருவன் காட்டுக்குள் போனான், மூன்றாமவன் திரும்பி வந்து, தான் எந்தப் படையிலிருந்து புறப்பட்டானோ அதன் நடுவே புகுந்து மறுபுறம் வெளியேறினான். என் பக்கத்தில் நின்ற ஓர்க்குகள் இதைக் கண்டு கலங்கினார்களா என்றால், இல்லை. கோப்ளின் ஓடினாலும் மாண்டாலும் ஓர்க் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று விதிநூலிலேயே எழுதியிருக்கிறது. சாதியின் இயல்பை அந்நிய நாட்டார் இவ்வளவு சுருக்கமாக வரையறுத்ததை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஓடுவதற்குத் தண்டனை உள்ள படை ஒன்று உண்டு. பிரெட்டோனியர் என்ற குதிரைவீரர்கள் யுத்தம் தொடங்குமுன் மண்டியிட்டுத் தங்கள் தேவியைப் பிரார்த்திப்பார்கள். பிரார்த்தித்தால் முதல் சுற்று எதிரிக்குப் போய்விடும். பதிலாக ஒரு தெய்விகக் காப்புக் கிடைக்கும். ஓடினால் அந்தக் காப்புப் போய்விடும். எங்கள் கூடத்தில் பூகோள ஆசிரியர் ஒருவர் இந்தப் படைக்குத் தலைவராக இருந்தார். அவருடைய வீரர்களில் ஒருவருக்கும் முதுகில் புண் கிடையாது. கேடயங்களில் சிங்கமும் அன்னமும் அல்லிப் பூவும் அவரே மயிர் பிடித்து எழுதியவை. பார்க்க அவ்வளவு அழகான படை எங்களிடம் வேறு இல்லை. தோற்பதிலும் அதற்கு நிகர் இல்லை. பாணனாகப் பிறந்திருந்தால் நான் அவரைத்தான் பாடியிருப்பேன். கோப்ளின் தலைவனாகப் போய்விட்டபடியால் ஓநாய் வைத்து ஏமாற்ற வேண்டியதாயிற்று.

தனிச் சமர் என்ற ஏற்பாட்டிலும் இதே நியாயந்தான். ஒரு மாவீரன் எதிர்ப்படையின் முன் வந்து அறைகூவினால், யாராவது ஏற்கவேண்டும். இல்லாவிட்டால் மறுத்த தலைவன் வெட்கத்தோடு பின்வரிசைக்குப் போகவேண்டும். இதற்கென்றே படைப்பிரிவுகளில் பத்துப் புள்ளிக்கு ஒரு நாயகனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எதிரிப் பிரபு மந்திர வாளை உருவிக்கொண்டு அறைகூவியதும், இந்தப் பத்துப் புள்ளிக்காரன் முன்னால் போய் நின்று, ஒரே வெட்டில் ஆறு துண்டாவான். பிரபுவின் ஒரு சுற்றுப் பராக்கிரமம் இவன் ஒருவனிடம் தீர்ந்துபோகும். மேற்கொண்டு வெட்டியதற்கு ஓர் எல்லை வரை புள்ளி உண்டு என்றாலும், பின்னால் நின்ற படை பிழைத்துக்கொள்ளும். அந்த நாயகனுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை. என்னுடையவனுக்கு மட்டும் நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அது என் பழைய மேலதிகாரி ஒருவருடையது என்பதால் இங்கே சொல்வதற்கில்லை.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டாம் பதிப்பு வருகிற வரையில், பாய்வேன் என்று அறிவிப்பதற்கு முன் அளவுநாடாவை மேஜைமேல் வைக்கக் கூடாது, கண்ணால் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும், பீரங்கிக்கும் அப்படியே. அந்தக் காலத்தில் எங்கள் கூடத்தில் மேஜையின் மேல் கை வைக்காதவர் கிடையாது. உரையாடல் மும்முரத்தில் முழங்கையை ஊன்றினதுபோல ஊன்றி, நடுவிரல் நுனி எங்கே படுகிறது என்று ஒருவர் பார்த்துக்கொள்வார். தம் முழங்கை முதல் விரல் நுனி வரை பதினெட்டரை அங்குலம் என்பது அவருக்கு மனப்பாடம். இன்னொருவர் சிகரெட்டுப் பெட்டியை இங்கே வைப்பதும் அங்கே வைப்பதுமாக இருப்பார். அவர் புகை பிடிப்பதில்லை. இரண்டு படைகளும் தத்தம் விளிம்பிலிருந்து பன்னிரண்டு அங்குலத்துக்குள் நிற்பதால் நடுவில் இருபத்துநாலு அங்குலம் என்பது நிச்சயம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எல்லாம் கழித்தல் கணக்காகக் கண்டுபிடிக்கும் நில அளவைக்காரர்களும் இருந்தார்கள். 2010-ல் யாரும் எப்போதும் அளக்கலாம் என்று விதி மாறியபோது, மனித உடம்பு ஒரு பெரிய உபயோகத்தை இழந்தது.

விதிக்கு உரை காண்பது தனிச் சாஸ்திரம். இந்தப் படை அந்தப் படையைப் பார்க்கிறதா, கோணம் தொண்ணூறு பாகைக்குள் இருக்கிறதா, நெருங்கும்போது ஒரு தடவைதான் திரும்பலாமா, மூலை தொட்டால் தொட்டதாகுமா என்பவற்றுக்கு ஒளிக்கதிர்க் குச்சிகளோடு வருகிற நிபுணர்கள் உண்டு. ஒரே சூத்திரத்துக்கு இளம்பூரணர் ஒன்றும் நச்சினார்க்கினியர் வேறொன்றும் சொல்லிய மரபிலே வந்த எனக்கு இது புதிதல்ல. எழுதியபடிதான் பொருள் கொள்ளவேண்டும் என்பது ஒரு கட்சி. எழுதியவர் கருதியபடி கொள்ளவேண்டும் என்பது மறு கட்சி. இரண்டு கட்சியும் அவரவர் படைக்கு எது அனுகூலமோ அதற்குத் தக்கபடி வாரந்தோறும் இடம் மாறிக்கொள்ளும். விவகாரம் முற்றினால் ஒரு பகடையை உருட்டி முடிவு செய்துகொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள் என்று விதிநூலே கடைசியாகச் சொல்கிறது. எங்கள் உரையாசிரியர்களுக்கு இந்த உபாயம் தோன்றாமல் போனது தமிழுக்கு எவ்வளவு லாபம்!

பெரும் போட்டிகளில் வெற்றியைத் தவிர, வர்ணத்துக்கும் நன்னடத்தைக்கும் மதிப்பெண் உண்டு. படையின் யோக்கியதைக்கும் சில இடங்களில் உண்டு. சில படைகளின் நூல்கள் மற்றவற்றைவிட மிக வலுவாக எழுதப்பட்டுவிட்டால் இந்த யோக்கியதை மதிப்பெண் தேவைப்படும். 2008-ல் அரக்கர் படைக்கு வெளிவந்த நூல் அப்படி ஒன்று. அதை எதிர்த்து விளையாடியவர்கள் இன்றும் அதைப் பற்றி நிதானமாகப் பேசமாட்டார்கள். எங்கள் கூடத்தின் கணக்காளர் அந்த நூல் வெளிவந்த மாதமே தம் எலிகளை மூட்டை கட்டிவிட்டு அரக்கர்களை வாங்கினார். கொள்கை மாறினதாகச் சொன்னார். தேசங்கள் எட்டு எட்டுப் பேராக அணி சேர்ந்து மோதும் ஐரோப்பியப் போட்டியில், சில ஆட்டக்காரர்களுக்கு ஜெயிக்கும் கடமையே கிடையாது. வலிமையான எதிரிக்கு முன் போய், தோற்காமல் மட்டும் திரும்பி வருவது அவர்கள் உத்தியோகம். ஒரு மூலையில் ஒதுங்கி, தூண்டில் போட்டு, ஓடி, திரும்பி வந்து, ஆறு சுற்று முடிகிற வரையில் யாருக்கும் அகப்படாமல் இருக்கவேண்டும். அரசாங்க உத்தியோகத்தில் பழகியவர்கள் இதில் நன்றாகப் பிரகாசிக்கக்கூடும்.

எட்டாம் பதிப்பு ஓட்டத்தின் கௌரவத்தைக் கொஞ்சம் குறைத்தது. பாய்ச்சலின் தூரத்துக்கும் பகடை வந்துவிட்டது. எதிரியைவிடப் பின்வரிசை அதிகமுள்ள கும்பல் எவ்வளவு தோற்றாலும் தன் முழு மனோதிடத்தோடு நிற்கலாம் என்றும் விதி வந்தது. என் கோப்ளின்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக நின்றார்கள். நின்று, ஊதா நிறச் சூரியன் என்ற மந்திரம் உருண்டு வந்தபோது சுறுசுறுப்புப் பரீட்சையில் தவறி, படைப்பிரிவில் பெரும்பகுதி ஒரே சமயத்தில் மறைந்தார்கள். ஓடியிருந்தால் பிழைத்திருப்பார்கள். 2015-ல் அந்தக் கற்பனை உலகத்துக்கே பிரளயம் ஏற்பாடாயிற்று. அதற்குப் பதிலாக வந்த புது விளையாட்டில் தொடக்கத்தில் புள்ளிக் கணக்கே கிடையாது. எதிராளியைவிடப் பெரிய மீசை உள்ளவர் குறிப்பிட்ட ஒரு தளபதிக்காகத் தவறிய பகடையை மறுபடி உருட்டலாம் என்று ஒரு விதியும், மண்டியிட்டால் அக்கணமே தோல்வி என்று வேறொரு மன்னனுக்கு ஒரு விதியும் இருந்தன. புள்ளிகள் அடுத்த ஆண்டே திரும்பி வந்துவிட்டன. மீசைக்கு வாழ்வு நிலைக்கவில்லை. பழைய உலகமும் சதுர அடித்தட்டும் 2024-ல் மறு அவதாரம் எடுத்திருக்கின்றன. பல் வைத்தியர் பரணிலிருந்து சூனியக்காரிகளை இறக்கித் தூசு தட்டிவிட்டார்.

இந்தச் சாஸ்திரத்தைப் பயில விரும்புகிற வாசகர்கள் யாரேனும் இருந்தால், தாராளமாக எங்கள் கூடத்துக்கு வரலாம். பகடை, நாடா, பசை இவற்றை அவரவரே கொண்டுவர வேண்டும். படையில் நாய்களோ கழுகோ இரண்டாவது இருக்கட்டும். தேநீர் கூடத்தில் கிடைக்கும். பீரங்கிகளைக் குன்றின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு, ஓரடி முன்னால் வராமல், எந்தத் தூண்டிலுக்கும் மசியாமல் மாலை முழுவதும் சுட்டுக்கொண்டே இருக்கிற ட்வார்ஃப் படையோடு வருகிறவர்கள் மட்டும் ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்துவிட்டால் நலம். அன்றைக்கு எனக்கு வேறு வேலை இருக்கும்.